எதிர்க்கட்சி எம்.பி.யின் மனைவி, சீனக் கொடி, கொல்கத்தா பாலம்: தேர்தல் விளம்பரங்கள் சொதப்புவது ஏன்?

மதுரை - திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் கொட்டாம்பட்டி. மேலூர் சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது. தேர்தல் வந்துவிட்டால் மற்ற ஊர்களைப் போலவே இங்கேயும் நோட்டீஸ், போஸ்டர், ஆட்டோ ஸ்பீக்கர், போதாக்குறைக்கு வாட்ஸ்அப்பில் வந்து குவியும் வீடியோக்கள்.

இத்தனையும் நம்ம கைக்கு வருவதற்கு முன்னாடி யாராவது ஒருத்தர் சரிபார்த்திருப்பாங்கன்னுதான் நாம நினைக்கிறோம். உண்மையில் யார் பார்க்கிறார்கள்? எதைப் பார்க்கிறார்கள்? தப்பு நடந்தா யார் பொறுப்பு?

2021-ல் என்ன நடந்தது?

தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6-ம் தேதி. அதற்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 30-ம் தேதி, தமிழக பாஜக தனது ட்விட்டர் பக்கத்தில் ஒரு பிரசார வீடியோவைப் போட்டது. அதில் ஒரு பெண் பரதநாட்டியம் ஆடும் காட்சி இருந்தது.

அந்தப் பெண், நடனக் கலைஞரும் மருத்துவருமான ஸ்ரீநிதி. அன்றைக்கு சிவகங்கை தொகுதி காங்கிரஸ் எம்.பி.யாக இருந்த கார்த்தி சிதம்பரத்தின் மனைவி, முன்னாள் மத்திய அமைச்சர் ப.சிதம்பரத்தின் மருமகள். கொட்டாம்பட்டியில் இருந்து சிங்கம்புணரி பக்கம் போனாலே சிவகங்கை தொகுதி தொடங்கிவிடும். பக்கத்துத் தொகுதி எம்.பி.யின் வீட்டுக்காரர் படத்தை வைத்து எதிர்முகாம் ஓட்டு கேட்டது!

சரி, அந்தக் காட்சி எங்கிருந்து எடுக்கப்பட்டது? 2010-ல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்காக உருவான பாடலின் வீடியோ அது. இசை ஏ.ஆர்.ரஹ்மான், இயக்கம் கௌதம் மேனன். பாடலை எழுதியவர் அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி. அதாவது, எந்த அணியை எதிர்த்துப் பிரசாரமோ, அந்த அணித் தலைவரின் பாட்டில் இருந்தே காட்சி வந்திருந்தது.

தன் அனுமதி இல்லாமல் படத்தைப் பயன்படுத்தியதாக ஸ்ரீநிதி கண்டனம் தெரிவித்தார். காங்கிரஸும் கேலி செய்தது. அந்தப் பதிவு நீக்கப்பட்டது.

ஒரு கட்சி மட்டுமா?

இல்லை. பல கட்சிகளும் ஏதோ ஒரு நேரத்தில் இதில் மாட்டியிருக்கின்றன.

2016 சட்டமன்றத் தேர்தலில் ஒரே பாட்டி அதிமுக விளம்பரத்திலும் வந்தார், திமுக விளம்பரத்திலும் வந்தார். ஒன்றில் ஆட்சிக்கு நன்றி, இன்னொன்றில் அதே ஆட்சி மீது குறை. இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வைத்து மக்கள் பகிர, மீம்ஸ் பறந்தது. அவர் சினிமாவில் சின்னச் சின்ன வேடங்களில் நடிப்பவர். நடிப்பு அவருடைய பிழைப்பு, அவர் மீது தப்பில்லை. 'சாதாரண வாக்காளரின் குரல்' என்று காட்டிய இடத்தில் நடிகரை வைத்ததும், அவர் வேறு எதில் நடித்திருக்கிறார் என்று விசாரிக்காததும்தான் பிரச்சினை.

2024 பிப்ரவரி. குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு பிரதமர் மோடி அடிக்கல் நாட்டிய நேரம். தமிழக அமைச்சர் அனிதா ராதாகிருஷ்ணன் கொடுத்த பத்திரிகை விளம்பரத்தில் இருந்த ராக்கெட்டில் சீனக் கொடி. இது நேரடித் தேர்தல் விளம்பரம் இல்லை. ஆனால் மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்ததால், பிரதமரே நெல்லை மேடையில் இதைப் பேசினார். வடிவமைத்தவர் செய்த தவறு, கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்பது அமைச்சர் தரப்பு விளக்கம்.

உத்தரப் பிரதேசத்தில் 2022 தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, 2021 செப்டம்பரில், அந்த மாநில வளர்ச்சியைச் சொல்லும் முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் இருந்த மேம்பாலம் கொல்கத்தாவில் இருப்பது. பாலத்தின் மேல் ஓடிய மஞ்சள் டாக்ஸியே காட்டிக் கொடுத்துவிட்டது. தங்கள் மார்க்கெட்டிங் பிரிவின் தவறு என்று விளம்பரத்தை வெளியிட்ட இந்தியன் எக்ஸ்பிரஸ் வருத்தம் தெரிவித்தது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2016-ல் அமெரிக்க அதிபர் தேர்தல் வேட்பாளர் போட்டியில் இருந்த மார்கோ ரூபியோவின் விளம்பரம், அமெரிக்காவில் விடியும் காலை என்று ஒரு துறைமுகத்தைக் காட்டித் தொடங்கியது. அது கனடாவின் வான்கூவர் துறைமுகம்.

ஏன் இப்படி நடக்குது?

முதல் காரணம், நேரம். 2021-ல் வேட்பாளர் இறுதிப் பட்டியல் மார்ச் 22-ம் தேதி வந்தது. பிரசாரம் ஏப்ரல் 4-ம் தேதி முடிந்தது. இடையில் இருந்தது சுமார் இரண்டு வாரம். அதற்குள் 234 தொகுதிக்கும் நோட்டீஸ், போஸ்டர், வீடியோ எல்லாம் தயாராக வேண்டும்.

இரண்டாவது, இணையத்தில் தேடி எடுக்கும் படம். 'ராக்கெட்', 'மேம்பாலம்', 'பரதநாட்டியம்' என்று தேடினால் ஆயிரம் படம் கொட்டும். அது எந்த ஊர், படத்தில் இருப்பவர் யார் என்பது தேடுபவருக்குத் தெரியாது.

மூன்றாவதுதான் முக்கியம். விளம்பரம் பல கை மாறுகிறது. கட்சி, விளம்பர நிறுவனம், டிசைனர், அச்சகம். அடுத்தவர் பார்த்துக்குவார்னு ஒவ்வொருவரும் நினைத்தால், கடைசியில் யாருமே பார்ப்பதில்லை. மாட்டிக்கொண்ட பிறகு மட்டும் பழி கீழே இறங்கி டிசைனர் தலையில் வந்து நிற்கிறது.

சட்டம் எதைப் பார்க்கிறது?

அச்சடித்த நோட்டீஸ், போஸ்டருக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ன் 127ஏ பிரிவு இருக்கிறது. அதன்படி:

- அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும்.
- வெளியிடுபவர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியை அச்சக உரிமையாளர் வாங்க வேண்டும். வெளியிடுபவரை நேரில் தெரிந்த 2 பேர் அதில் சான்றொப்பம் போட வேண்டும்.
- அச்சிட்ட பிறகு உறுதிமொழியையும் பிரதியையும் மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். கொட்டாம்பட்டியில் அச்சடித்தால் மதுரை ஆட்சியருக்குப் போகும்.
- மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கூட்டம் நடக்கும் நாள், நேரம், இடம் மட்டும் சொல்லும் நோட்டீஸுக்கு இது பொருந்தாது.

டிவி, ரேடியோ, தியேட்டர் விளம்பரங்களுக்கும், காசு கொடுத்து சமூக வலைதளங்களில் போடும் விளம்பரங்களுக்கும் தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவிடம் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். பத்திரிகை விளம்பரம் என்றால் வாக்குப்பதிவு நாளுக்கும் அதற்கு முந்தைய நாளுக்கும் மட்டும் இந்தச் சான்று தேவை.

அப்போ ஓட்டை எங்கே?

ஒரு கட்சியோ வேட்பாளரோ தங்கள் சொந்தக் கணக்கில் போடும் பதிவை ஆணையம் விளம்பரமாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு முன்சான்றும் தேவையில்லை. 2021-ல் வந்தது கட்சியின் சொந்தப் பக்கத்தில் வந்த பதிவுதான்.

அச்சு நோட்டீஸிலும் சட்டம் கேட்பது யார் அடித்தது, யார் வெளியிட்டது என்பதைத்தான். படத்தில் இருப்பவரிடம் கேட்டீங்களா என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை. ஆக, 200 நோட்டீஸ் அடிக்கும் சின்ன அச்சகக்காரருக்கு உறுதிமொழி, சாட்சி, சிறை பயம் எல்லாம் உண்டு. பல லட்சம் பேர் பார்க்கும் வீடியோவைப் போட்டவர் ஒரே ஒரு பட்டனைத் தட்டி நீக்கிவிட்டுப் போய்விடலாம்.

சிரிச்சுட்டு விட்டுடலாமா?

ராக்கெட்டுக்கும் பாலத்துக்கும் வேண்டுமானால் சிரிக்கலாம். மனிதர்கள் விஷயத்தில் அப்படி இல்லை. ஸ்ரீநிதி பிரபலமானவர், மறுப்புச் சொன்னதும் செய்தியானது. இதுவே ஒரு கிராமத்துப் பெண்ணின் படம், அவருக்கே தெரியாமல் 'பயனாளி' என்று ஒரு கட்சி நோட்டீஸில் வந்தால்? ஊர் அவரை அந்தக் கட்சிக்காரராகத்தான் பார்க்கும். அவருடைய மறுப்பு எந்த டிவியிலும் வராது.

நீங்க என்ன செய்யலாம்?

- நோட்டீஸ் கையில் வந்தால் அடியில் அச்சகம், வெளியிடுபவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.
- படத்தில் சந்தேகம் வந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே இணையத்தில் இருக்கும் படம் என்றால் பெரும்பாலும் அதன் மூலம் தெரிந்துவிடும்.
- பெயர் இல்லாத நோட்டீஸ், விதிமீறல் என்றால் 1950 எண்ணில் அழைக்கலாம். சி-விஜில் செயலியில் படத்தோடு புகார் அனுப்பலாம். அதில் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையம் வைத்திருக்கும் இலக்கு.
- உங்கள் படமே அனுமதி இல்லாமல் வந்திருந்தால், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதிவு எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படலாம். பிறகு தேர்தல் அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.

ஒரு படத்தைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை யார் செலவழிக்க வேண்டும் என்று இன்றைக்கும் எந்தப் படிவமும் கேட்பதில்லை.