150 டாலர் இயற்கணிதம்

2013 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் முன்னிலையில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் ஒரு திட்டத்தை அறிவித்தது. யுடாசிட்டி என்ற நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று பாடங்களை இணையத்திலேயே நடத்துவோம், ஒரு பாடத்துக்குக் கட்டணம் 150 டாலர்தான் என்றார்கள். அடிப்படைக் கணிதம், கல்லூரி இயற்கணிதம், தொடக்கநிலைப் புள்ளியியல் என்று அவர்கள் தேர்ந்தெடுத்த மூன்றுமே அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்கள் அதிகமாகத் தட்டுத் தடுமாறும் இடங்கள். இயற்கணிதத்தில் தேறாதவருக்குப் பட்டத்துக்கான வழியே அடைபட்டுப் போகும். அந்த அடைப்பைக் குறைந்த செலவில் நீக்கிவிடலாம் என்பது கணக்கு. கணக்கு பொய்த்தது. முதல் பருவத்தில் இயற்கணிதம் படித்த பல்கலைக்கழக மாணவர்களில் 44 விழுக்காட்டினர் தேறினர். வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்களிலோ 12 விழுக்காட்டினரே. ஜூலையில் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். திரையில் கணிதம் வராது என்று ஒரு தரப்பு அன்றே தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. தோற்றது திரை அல்ல. விரிவுரையைத் தொலைவுக்கு அனுப்புவது எப்போதுமே மலிவான வேலையாக இருந்திருக்கிறது. மாணவன் போட்ட கணக்கைப் பார்த்துத் திருத்துவதும், அவன் வராதபோது ஏன் வரவில்லை என்று கேட்பதும் எந்தக் காலத்திலும் மலிவாகவில்லை. மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள் கைவைத்தது பெரும்பாலும் அந்த இரண்டில்தான்.

தொலைதூரக் கணிதம் இணையத்தோடு பிறந்ததல்ல. பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் விபத்துகள் பெருகியதால், மேற்பார்வையாளர்கள் தேர்வு எழுதித் தகுதிச் சான்று பெற வேண்டும் என்று 1885இல் சட்டம் வந்தது. பள்ளியைச் சிறுவயதிலேயே விட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கிய தொழிலாளிக்கு அந்தத் தேர்வுக்கான கணக்கை யார் சொல்லித்தருவது? ஸ்க்ரான்டன் நகரில் சுரங்கத் தொழில் பத்திரிகை நடத்திய தாமஸ் ஃபாஸ்டர் 1891இல் அஞ்சல்வழிப் பாடங்களைத் தொடங்கினார். சிறு சிறு பாடநூல்கள் தபாலில் போகும். மாணவர் விடை எழுதி அனுப்புவார். ஆசிரியர்கள் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள். பத்தாண்டுகளுக்குள் சேர்ந்தவர்கள் லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் பெரும்பாலானோர் பாதியிலேயே விட்டார்கள். விடைத்தாள் வந்தால் திருத்த ஆள் இருந்தது. வராவிட்டால் தேடிப்போக ஆள் இல்லை. ஆள்சேர்க்கவும் தவணைப் பணம் வசூலிக்கவும் மட்டும் முகவர்கள் ஊர் ஊராகப் போனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொலைக்காட்சியின் முறை 1960இல் வந்தது. என்பிசி அலைவரிசையில் விடிகாலையில் ஒளிபரப்பான வகுப்பில் முதல் பாதியை பெர்க்லியின் ஜான் கெல்லியும், நிகழ்தகவுப் பாதியை ஹார்வர்டின் ஃப்ரெடரிக் மோஸ்டெல்லரும் நடத்தினார்கள். அவ்வளவு பெரிய கணிதப் பேராசிரியர்கள் வீட்டுக்குள் வந்தும் கல்லூரி மதிப்பலகு வேண்டியவர், அந்தந்த ஊர்க் கல்லூரியில் பதிவு செய்து அங்கேதான் தேர்வு எழுத வேண்டியிருந்தது. ஒளிபரப்பு மட்டும் போதாது என்பதை பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டது. 1971இல் அதன் முதல் மாணவர்கள் கணித அடிப்படைப் பாடத்தின் விரிவுரைகளை பிபிசியில் பார்த்தார்கள். ஆனால் செலவும் உழைப்பும் திரைக்குப் பின்னால் இருந்தன: பகுதிதோறும் அமர்த்தப்பட்ட பயிற்றுநர்கள் ஒப்படைப்புகளைத் திருத்தினார்கள், கோடையில் ஒரு வாரம் நேரில் வந்தாக வேண்டும்.

இயற்கணிதத்துக்கு ஏன் இப்படி ஆள் தேவைப்படுகிறது? கல்லூரி முதல் பாடத்தில் வரும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்: √(2x + 3) = x. மாணவர் இருபுறமும் வர்க்கப்படுத்துகிறார். x² − 2x − 3 = 0 வருகிறது. காரணிப்படுத்தினால் x = 3, x = −1. இரண்டையும் விடையாகத் தட்டச்சு செய்கிறார். தவறு என்கிறது கணினி. மீண்டும் போட்டுப் பார்க்கிறார், அதே விடை, அதே தவறு. ஒவ்வொரு படியும் சரியாகவே இருக்கிறது. வர்க்கப்படுத்தியபோது இல்லாத ஒரு தீர்வு உள்ளே நுழைந்துவிட்டது, −1ஐ முதல் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் −1 என்று அது அம்பலமாகும். தாளைப் பார்க்கும் ஆசிரியர் கடைசி வரிக்கு எதிரே பென்சிலை வைத்து ‘போட்டுப் பாரு’ என்றாலே போதும். விடையை மட்டும் வாங்கும் பெட்டிக்கு அந்த வரி தெரியாது. வரலாற்றுப் பாடத்தில் ஒரு வாரம் தவறினால் அந்த வாரம் மட்டும் போகும்; இங்கே காரணிப்படுத்தலில் இருட்டாக இருப்பவருக்கு அதன்பின் வரும் எல்லா வாரமும் இருட்டு.

சான் ஹோசேயில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காணொளிகள் மோசமில்லை. ஆனால் பாடத்தை ஒருபுறம் தயாரித்துக்கொண்டே மறுபுறம் நடத்தினார்கள். உதவிக்கு ஆள் வைத்திருந்தும் அது பல மாணவர்களுக்குத் தெரியவில்லை. ஓக்லந்தின் ஒரு பள்ளியிலிருந்து சேர்ந்த மாணவர்கள் சிலருக்கு முதலில் கணினியே கிடைக்கவில்லை! பின்னர் தரவுகளை அலசிய ஆய்வு, மாணவர் காட்டிய முயற்சி, அதிலும் அவர் அனுப்பிய கணக்குத் தொகுப்புகள்தான், தேர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையவை என்றது. அதே பல்கலைக்கழகத்தில் அதற்குச் சற்று முன் மின்சுற்றுப் பாடம் ஒன்றில் எம்ஐடியின் காணொளிகளை வீட்டில் பார்க்கச் சொல்லி, வகுப்பு நேரத்தை ஆசிரியரோடு கணக்குப் போடுவதற்கே ஒதுக்கியிருந்தார்கள். 91 விழுக்காடு தேர்ச்சி. பொறியியல் மாணவர்கள் வேறு ரகம் என்பது உண்மைதான். ஆனாலும் திரை இங்கே ஆசிரியரின் இடத்தைப் பிடுங்கவில்லை, அவருக்கு நேரம் கொடுத்தது.

கோடைப் பருவத்தில் நிலைமை திருந்திவிட்டதே என்று கேட்கலாம். உண்மை. கோடையில் இயற்கணிதத் தேர்ச்சி 72.6 விழுக்காடானது. பாடத்தையும் சீர்செய்திருந்தார்கள், அதற்குரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சேர்ந்தவர்களும் மாறிவிட்டார்கள்: கோடை மாணவர்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். அடைப்பில் சிக்கியவர்களுக்காகக் கட்டிய வழியில், அதை என்றோ கடந்துவிட்டவர்கள் நடந்து காட்டினார்கள். பள்ளியின் பழைய பாடங்கள் திரும்பிய அடிப்படைக் கணிதத்தில் கோடையிலும் சுமார் 30 விழுக்காட்டினர்தான் தேறினர்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நேரடி வகுப்பிலும் இயற்கணிதத்தில் ஏராளமானோர் தோற்கிறார்களே, ஆசிரியர் கண்முன் இருந்து என்ன பயன்? நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்த அரங்கில் கரும்பலகையைப் பார்த்து எழுதும் மாணவருக்கும் அவர் கணக்கைப் பார்க்க ஆள் இல்லை. அதுவும் ஒருவகைத் தொலைதூரக் கல்விதான். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1997இல் மூடிக்கிடந்த ஒரு பல்பொருள் அங்காடியில் நூற்றுக்கணக்கான கணினிகளை வரிசையாக வைத்துத் தொடக்கநிலைக் கணிதத்தை அங்கே மாற்றியது. விரிவுரையைக் கைவிட்டார்கள், மாணவர்கள் கணினியில் கணக்குப் போட, கை தூக்கினால் வந்து பார்க்க ஆட்கள் நடமாடினார்கள். இம்முறை வேறு பல கல்லூரிகளுக்கும் பரவியது. ஆகவே நேரடியா இணையமா என்ற கேள்வியே கோணலானது.

நிறுத்திவைத்த திட்டத்தின் நிறுவனம் அடுத்து எங்கே போனது என்பதையும் பார்க்கலாம். 2014 ஜனவரியில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கணினியியல் முதுகலைப் பட்டத்தை ஏறத்தாழ 7000 டாலருக்கு இணையத்தில் தொடங்கியது. அது நிலைத்தது. அங்கே சேர்பவர் இளங்கலை முடித்திருக்க வேண்டும்; ஒப்படைப்புகளைப் பார்க்கச் சம்பளம் வாங்கும் உதவி ஆசிரியர்களும் இருந்தார்கள். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களோ பட்டத்துக்குக் கணக்கில் சேராத அடிப்படைக் கணித வகுப்புகளை 2018இல் கைவிட்டு, மாணவர்களை நேரடியாகக் கல்லூரிக் கணிதத்திலேயே சேர்த்துக் கூடுதல் உதவி நேரத்தை அதோடு இணைத்தன.