ஒரு 'நீ'க்கு விழுந்த அடி

தன் மத நம்பிக்கையைத் துணிஞ்சு வெளியே சொல்றதுன்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது மைக், மேடை, துண்டுப் பிரசுரம். இன்னைக்கு நாம பார்க்கப்போற ஆட்கள் பிரசங்கமும் செஞ்சாங்க, பிரசுரமும் போட்டாங்க. ஆனா வீட்டுக்குள்ள அவங்களை மாட்டிவிட்டது ஒரு தொப்பியும் ஒரு 'நீ'யும்தான்.

1650கள், இங்கிலாந்து. அரசர் முதலாம் சார்லஸின் தலை 1649-லயே போயாச்சு. செருப்புத் தொழில் பழகின ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் ஊர் ஊராகப் போய், கிறிஸ்துவின் ஒளி எல்லா மனிதருக்குள்ளும் இருக்கு, நடுவுல பாதிரியார் தேவையில்லைன்னு பேசுறார். அவர் பின்னால் திரண்டவங்கதான் குவேக்கர்கள்.

அன்றைய ஆங்கிலத்தில் நம்மளை மாதிரியே 'நீ', 'நீங்க' ரெண்டும் இருந்தது. 'தவ்' என்றால் நீ, 'யூ' என்றால் நீங்க. பெரிய மனுஷனுக்கு 'யூ' போடணும், தொப்பியையும் கழட்டணும். குவேக்கர்கள் ரெண்டையும் மறுத்தாங்க. கடவுளையே ஜெபத்தில் 'தவ்'னு கூப்பிடுறோம், ஒரு மனுஷனுக்கு எதுக்கு அதைவிடப் பெரிய மரியாதை? தொப்பியைக் கழட்டுறது ஜெபம் பண்ணும்போது மட்டும்தான். இதுதான் அவங்க வாதம். (தமிழ் பைபிளில் கடவுளுக்கு 'நீர்', 'தேவரீர்' என்று வரும். அதனால இந்த வாதத்தை நம்ம ஊர்ல அப்படியே வச்சா எடுபடாது!)

ஆங்கிலம் பேசும்போது மேனேஜரை நானும் பேர் சொல்லித்தான் கூப்பிடுறேன். அதே மனுஷனிடம் தமிழில் பேசினா தானா 'நீங்க' வந்துடுது. 'நீ' போட்டுப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. அதனாலதான் தாமஸ் எல்வுட் என்ற பையன் மேல எனக்கு இவ்வளவு ஆர்வம்.

ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் க்ரோவெல் என்ற கிராமம். அப்பா வால்டர், நிலபுலன் உள்ளவர், நீதிபதிப் பொறுப்பிலும் இருந்தவர். 1659-ல பையனுக்கு இருபது வயசு. பெனிங்டன் என்ற குடும்ப நண்பர்கள் வீட்டுக்குப் போன இடத்தில் குவேக்கர் ஆகிவிடுகிறார். ஆனா அதை யாரிடமும் சொல்லலை.

அப்புறம் ஒரு நாள் அப்பா வேலையாக ஆக்ஸ்ஃபோர்டு போகிறார். எதிரே பழைய நண்பர்கள். ஒருத்தர் கல்லூரி அங்கி போட்டவர், ஒருத்தர் அறுவை வைத்தியர். தொப்பியைக் கழட்டி, குனிந்து வணக்கம் வைக்கிறார்கள். இவர் தொப்பியைத் தொடவே இல்லை, அப்படியே நிற்கிறார். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள். கடைசியில் வைத்தியர் தோளைத் தட்டி, நீ குவேக்கரான்னு கேட்கிறார். ஆமாம்னு சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான் நடந்தது. ஆனா அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே வந்ததும் மனசுக்குள் எவ்வளவு சந்தோஷமா இருந்ததுன்னு, பல வருஷம் கழிச்சு தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார்.

நண்பர்களிடம் சொல்றது சுலபம். அப்பா முன்னாடி தொப்பியோட நின்னதும் ரெண்டு கையாலயும் அடி விழுந்தது. தொப்பி பறந்தது. அடுத்த தொப்பி, அதுவும் போச்சு. கடைசியில் வீட்டில் அவருக்குத் தொப்பியே மிச்சமில்லை. தொப்பி இல்லாம வெளியே போக முடியாத காலம், அதனால அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுச்சிறை மாதிரி. பேச்சுவாக்கில் அப்பாவை 'தவ்'னு சொன்னதுக்குத் தனி அடி, பல்லை உடைச்சிடுவேன்னு மிரட்டல் வேற. அந்த அப்பாவை வெறும் வில்லனாக என்னால பார்க்க முடியலை. பெத்த பையன் திடீர்னு எல்லார் முன்னாடியும் 'நீ, வா, போ'ன்னா எந்த வீட்டில் சும்மா இருப்பாங்க?

கோர்ட்டிலும் இதே தொப்பிதான் பிரச்சினை. 1670-ல லண்டனில் வில்லியம் பென், வில்லியம் மீட் ரெண்டு பேர் மேலயும் வழக்கு. உள்ளே வரும்போது யாரோ அவங்க தொப்பியைக் கழட்டிட்டாங்க. நீதிமன்றமே அதைத் திரும்ப மாட்டிவிடச் சொல்லி, அப்புறம் தொப்பி போட்டிருக்கீங்கன்னு அபராதம் விதிச்சது! கடைக்காரக் குவேக்கர்கள் இன்னொரு பக்கம்: பேரம் பேசுறதே பொய்தானே, அதனால ஒரே விலை. முதல்ல வாடிக்கையாளர் ஓடினாங்க, அப்புறம் ஏமாத்த மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் திரும்பி வந்தாங்க.

எல்வுட் 1662-ல ஒரு வேலையில் சேர்கிறார். பார்வை இழந்த கவிஞர் ஜான் மில்டனுக்கு லத்தீன் புத்தகங்கள் வாசித்துக் காட்டணும். 1665-ல லண்டனில் பிளேக் பரவியபோது, சால்ஃபான்ட் செயின்ட் ஜைல்ஸ் கிராமத்தில் மில்டனுக்கு வீடு பிடித்துக் கொடுத்தவரும் இவர்தான். மில்டன் குடிவந்தபோது வரவேற்க முடியலை, ஏன்னா இவர் ஜெயிலில். வெளியே வந்து பார்க்கப் போனபோது மில்டன் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, படிச்சுட்டு அபிப்பிராயம் சொல்லச் சொன்னார். அது 'பாரடைஸ் லாஸ்ட்'.

படிச்சுட்டு வந்த எல்வுட், இழந்த சொர்க்கத்தைப் பத்தி நிறைய சொல்லிட்டியே, திரும்பக் கிடைச்ச சொர்க்கத்தைப் பத்தி என்ன சொல்லப்போறேங்கிற மாதிரி கேட்டிருக்கிறார். ஐம்பத்தாறு வயசு மில்டனிடம், முப்பதுகூட ஆகாத பையன், அதே 'தவ்' போட்டு. மில்டன் பதில் சொல்லலை. கொஞ்ச நேரம் யோசனையில் உட்கார்ந்திருந்துவிட்டு, வேற பேச்சுக்குப் போயிட்டார். 'பாரடைஸ் ரீகெயின்ட்' 1671-ல வெளிவந்தது.