காஞ்சிபுரத்துக்குக் கடல் இருந்த காலம்

காஞ்சிபுரம்னா பட்டு, கோயில். கடல் யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் எல்லாம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் வந்தன. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை அந்த மீனவக் குப்பங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் இந்த நெசவு ஊரில்தான் இருந்தது.

உறவு அதைவிடப் பழையது. பெரும்பாணாற்றுப்படை கச்சியையும் நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தையும் ஒரே பாட்டில் பேசுகிறது. பல்லவர்களுக்குத் தலைநகரம் காஞ்சி, துறைமுகம் மாமல்லபுரம்.

இதைவிட முக்கியமான இணைப்பு ஒண்ணு உண்டு: பாலாறு. காஞ்சிக்குத் தெற்கே ஓடி, கல்பாக்கம் தாண்டி வாயலூர் பக்கம் கடலில் சேர்கிறது. வெள்ளம் வந்தால் தண்ணீரோடு மணலும் கடலுக்குப் போகும். நம்ம கரையில் வருஷக் கணக்கில் பார்த்தால், அலைகள் அந்த மணலை வடக்கே நகர்த்துகின்றன. சென்னைத் துறைமுகம் இதற்குச் சாட்சி. 1870களில் அதைக் கட்ட ஆரம்பித்த பிறகு, தெற்கே மணல் தேங்கி மெரினா அகலமானது; வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது.

அப்படின்னா மாமல்லபுரம், கோவளம் கரைகளுக்குப் போகும் மணலில் ஒரு பங்கு காஞ்சி வழியாகத்தான் வரணும். ஆனால் பாலாற்றில் வெள்ளமே அபூர்வம். இருக்கிற மணலும் லாரி ஏறிக் கட்டிடமாகிறது. 2003இல் மணல் குவாரிகளை அரசே எடுத்து நடத்த ஆரம்பித்தது. மணலின் தேவை குறையவில்லை.

கடலோரத்திலும் போட்டி குறைவில்லை. ரிசார்ட்டுகள், கிழக்குக் கடற்கரைச் சாலை, 2013இல் தொடங்கிய நெம்மேலி கடல்நீர்க் குடிநீர் ஆலை. இவற்றுக்கு நடுவே மீனவர்களுக்குப் படகு ஏற்ற, வலை உலர்த்த மணல் வேணும். பங்குனி ஆமை முட்டையிடவும் அதே மணல்தான்.

கடலரிப்புக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணு இல்லை. கரையில் போடும் கல்லும் சுவரும்கூட மணலின் போக்கை மாற்றும். 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை என்ன கட்டலாம், கட்டக்கூடாது என்று சொன்னது. பல கிலோமீட்டர் உள்ளே ஆற்றில் அள்ளும் மணல் அந்தக் கோட்டுக்குள் வராது.

மாவட்டத்தைப் பிரிக்கலாம்; ஆற்றைப் பிரிக்க முடியாது. கோவளத்துக் கரையைக் காப்பாற்றணும்னா, கணக்கைக் காஞ்சிபுரத்து ஆற்றுப்படுகையிலிருந்தே தொடங்கணும்.