மூச்சுக்கு ஒரு வழி

முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் உடலை மண் மறைத்தது. எட்டிப் பார்த்த முகம்தான் இலக்கானது. தாடை சிதறியவர்களுக்குக் குண்டைவிடப் பெரிய எமன் ஒன்று காத்திருந்தது. கீழ்த்தாடையின் முன்பகுதி உடைந்தால் நாக்கு தன் பிடிமானத்தை இழக்கிறது. மல்லாந்து படுத்தால் அது பின்னுக்குச் சரிந்து தொண்டையை அடைக்கும். வழியும் குருதி மீதியை முடித்துவிடும்.

பல் மருத்துவம் பயின்ற வில்லியம் கெல்ஸி ஃப்ரை போர்முனையில் படை மருத்துவராக இருந்தார். தாடை உடைந்த வீரர் ஒருவரைத் தலை கவிழ்ந்த நிலையிலேயே அழைத்துவந்து, தூக்கிச் செல்பவர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் வழக்கப்படி ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். சற்று நேரத்தில் அவர் மூச்சடைத்து இறந்தார். கருணையோடு செய்த காரியமே கொன்றுவிட்டது.

பிழைத்தவர்கள் பலர் இங்கிலாந்தின் சிட்கப் நகருக்கு வந்தார்கள். அங்கே 1917இல் திறக்கப்பட்ட குயின்ஸ் மருத்துவமனையில் ஹரால்டு கில்லிஸ் அவர்களுடைய முகங்களை மீண்டும் கட்டியெழுப்பினார். ஆனால் அங்கும் அதே சிக்கல், வேறு உருவில். மயக்க மருந்துக்கான முகமூடியை வைக்கவேண்டிய இடமும் கத்தி வைக்கவேண்டிய இடமும் ஒன்றே. மெல்லிய குழாய் வழியே ஈதர் ஆவியைச் செலுத்தினால், நோயாளியின் வெளிமூச்சோடு அது அறுவை மருத்துவரின் முகத்திலேயே வீசியது.

1919இல் அங்கு வந்த ஐவன் மேகிலும் அவருடைய சகா ஸ்டான்லி ரௌபாதமும் மயக்கவியலில் முறையாகப் பயின்றவர்கள் அல்லர். வெளிமூச்சுக்கென இரண்டாவது குழாயைச் சேர்த்தார்கள். பின்னர் உள்ளும் புறமும் மூச்சு செல்லும் அகன்ற ஒற்றை ரப்பர் குழாய்க்கு வந்து சேர்ந்தார்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் நுழைப்பது அவர்கள் கண்டுபிடிப்பன்று. 1878லேயே கிளாஸ்கோவில் வில்லியம் மெக்யூவன் விரலால் தடவி அதைச் செய்திருந்தார். மேகில் அதை அன்றாட வழக்கமாக்கினார். மூச்சொலிக்குச் செவிகொடுத்தபடி மூக்கு வழியே குழாயைக் கண்ணால் காணாமலே செலுத்தும் முறையைத் தேர்ச்சியாக்கினார்.

சிக்கல் அத்தோடு தீரவில்லை. மண்டையோட்டின் அடித்தளமும் உடைந்திருந்தால் மூக்கு வழி ஆபத்தானது. வாய்வழிக் குழாயோ, பல்வரிசைகளைப் பொருத்திக் கட்டுவதற்குத் தடை. 1986இல் ஸ்பெயினின் எர்னாந்தெஸ் அல்தமீர் மோவாய்க்குக் கீழே சிறு கீறல் இட்டு, அதன் வழியே குழாயை வெளியே கொணர்ந்தார்.

தாடை உடைந்தவர் முன்குனிந்து அமர முயன்றால் அவரை வலிந்து படுக்கவைக்கக்கூடாது என்று இன்றும் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். பெயர் தெரியாத அந்த வீரர் தம் மரணத்தால் கற்றுத்தந்த பாடமும் அதுவே.