மனோரமா (1937–2015)

மேடை, திரை, சின்னத்திரை மூன்றிலும் நடித்தவர். இயற்பெயர் கோபிசாந்தா. மன்னார்குடியில் பிறந்து, காரைக்குடி அருகே பள்ளத்தூரில் வளர்ந்தார். வறுமையால் படிப்பு பாதியில் நின்றது. நாடகம் சோறு போட்டது. 'ஆச்சி' என்ற பெயர் அந்தச் செட்டிநாட்டு மண் தந்தது. கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) முதல் தமிழ்ப் படம்.

சேலம் அருகே உள்ள ஆட்டையாம்பட்டி வட்டாரத்தாருக்கு அவர் அந்நியரல்லர். அவரைக் கதாநாயகியாக்கிய 'கொஞ்சும் குமரி' (1963), சேலம் ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸின் தயாரிப்பு. நகைச்சுவை நடிகையை நாயகியாக்கும் துணிவு அன்று அரிது. ஆயினும் அவரது உச்சம் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஜில் ஜில் ரமாமணிதான்: சிரிப்புக்குள் ஒரு நாடகக்காரியின் தனிமையையும் காட்டிவிடுகிறார்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், கின்னஸ் பதிவு. 'புதிய பாதை' (1989) படத்துக்குத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானார்.