கப்பல் நின்றால் மண்வெட்டி, கப்பல் வந்தால் மறதி: எமது வளவுத் தோட்டங்களின் கதை



மாரி தொடங்க இன்னும் சில வாரங்கள்தான். நாற்று மேடை போடும் காலம். கடைகளில் "செரித் தக்காளி" விதைப் பைக்கற் தொங்குகிறது. புதிதாக வந்த சாமான் என்று நினைத்து வாங்குகிறோம். ஆனால் கிணற்றடியில், கழுவி ஊற்றும் இடத்தில், யாரும் நடாமலே முளைக்கும் குட்டித் தக்காளியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டும் ஒரே குடும்பம்தான். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பெயர். தக்காளியின் தாய்மண் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப் பக்கம். அதைப் பயிராக வளர்த்தெடுத்தவர்கள் மெக்சிக்கோ மக்கள். அவர்களுடைய "தொமாட்ல்" என்ற சொல்தான் ஸ்பானியர் வாயில் "தொமாத்தே" ஆகி, ஆங்கிலத்தில் "டொமேட்டோ" ஆனது. நாம் அந்தப் பெயரை எடுக்கவில்லை. எம்மிடம் மணத்தக்காளி ஏற்கனவே இருந்தது. வந்த பழத்துக்கும் அந்தச் சின்னப் பழத்தின் பெயரையே கொடுத்தோம். சிங்களத்திலும் அது "தக்காலி"தான்.

1623இல் சுவிஸ் தாவரவியலாளர் காஸ்பர் பௌஹின் தன் நூலில் செரிப்பழ வடிவில் குலையாகக் காய்க்கும் ஒரு செடியைக் குறித்து வைத்தார். செரித் தக்காளி பற்றிய முதல் எழுத்துப் பதிவு அதுதான் என்பார்கள். அதே 1620களில்தான் போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோட்டை கட்டினார்கள். பின் ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இந்தத் துறைமுகத்துக்காகச் சண்டை பிடித்தார்கள். ஐரோப்பியர் கப்பல்கள் ஆசியாவுக்குக் கொண்டுவந்த அமெரிக்கப் பயிர்கள்தான் மிளகாய், பப்பாளி, கொய்யா, மரவள்ளி, தக்காளி எல்லாம். இன்று இவை இல்லாமல் எமது ஆணமும் இல்லை, சம்பலும் இல்லை.

ஆனால் கப்பலை நம்பும் பழக்கமும் கூடவே வந்தது.

1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியரிடம் வீழ்ந்தது. அப்போது இலங்கை உண்ட அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தது. அதில் பெரும் பங்கு பர்மா அரிசி. ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் எமது துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கி ஒன்று நாள்கணக்கில் எரிந்தது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. வளவில் கிழங்கும் மரக்கறியும் நடுங்கள் என்று அரசு சொன்னது. யுத்தம் முடிந்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டோம். மாவை மட்டும் விடவில்லை. பின்னாளில் சீனக்குடாவிலேயே பிறீமா மாவாலை எழுந்தது.

1970களில் மீண்டும் அதே கதை. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது, பாணுக்கு விடியுமுன் வரிசை, வளவுகளில் மறுபடியும் மரவள்ளி. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் அதுவும் மறந்தது. 2011இல் "வாழ்வின் எழுச்சி" பத்து இலட்சம் வீட்டுத் தோட்டங்களை இலக்கு வைத்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் அது நீக்கப்பட்டது. 2022 ஜூனில் வீட்டில் பயிர் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அன்று ஒரு கிலோ தக்காளி வாங்க எத்தனை வீட்டில் யோசித்தோம்?

இடையில் 2004 டிசம்பர் 26. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரக் கிணறுகளில் கடல் நீர் புகுந்தது. கிழக்குக் கரையில் அவசரமாக அதிகம் இறைத்த கிணறுகளில் அடியிலிருந்த உப்பும் மேலே ஏறியது. வளவு மண்ணையும் நாம் இழக்க முடியும் என்று அன்றுதான் கண்டோம்.

எண்பது வருடத்தில் இத்தனை முறை தொடங்கி ஏன் நிலைக்கவில்லை? ஒவ்வொரு முறையும் நாம் விதையைக் கையேந்தி வாங்கினோம். யாரும் எடுத்து வைக்கவில்லை. பைக்கற் முடிந்ததும் தோட்டமும் முடிந்தது. கிணற்றடிச் செடி மட்டும் தன் விதையைத் தானே போட்டுக்கொண்டு இருக்கிறது.

எமது இரவுச் சூட்டில் பெரிய தக்காளியின் பூ கொட்டும். குட்டித் தக்காளி பெரும்பாலும் தாங்கிக் காய்க்கும். இப்போது மழை படாத இடத்தில் நாற்றுப் போட்டு, பெருமழை குறைந்ததும் தண்ணீர் தேங்காத மேட்டில் நடுவோம். ஈர மண்ணில் வாடல் நோய் வரும், கவனம். நன்றாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து, சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டு, கழுவி, நிழலில் உலர்த்திப் போத்தலில் வைத்தால் அடுத்த வருட விதை தயார். கலப்பின விதைப் பைக்கற்றில் இது சரிவராது. அடுத்த தலைமுறை வேறு மாதிரி வரும். நாட்டு விதைதான் வேண்டும்.

அப்படியான செடி வளவில் உள்ளவர்கள் கருத்துப் பகுதியில் ஊரைக் குறிப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு கைப்பிடி விதை கொடுங்கள். அடுத்த முறை கப்பல் தாமதிக்கும்போது விதை எம் கையிலேயே இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.