பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு

முகூர்த்த சீசன் வந்துட்டா காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பட்டு எடுக்க வெளியூர்க் குடும்பங்கள் வேன் வேனாக வந்து இறங்கும். அந்த வேன் டிரைவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அடிக்கடி காதில் விழும் ஒரு புகார்: "பேட்டரி லைட் மினுக் மினுக்னு எரியுது சார். ஆல்டர்னேட்டரையே மாத்தணும்கிறாங்க." வாடகை வண்டி ஓட்டுபவருக்கு அது பல நாள் வருமானம். மாற்றாமல் விட்டால் ராத்திரி நேரம், நடு ரோட்டில், செல்ஃப் எடுக்காமல் நிற்கும் பயம். உண்மையிலேயே மாற்றணுமா? அதற்கு அந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது உதவும்.

மின்தூண்டலை ஃபாரடே 1831-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் காரில் பேட்டரியும் அதை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டரும் நிலைபெற முக்கியக் காரணம் 1912-ல் கேடிலாக் காரில் வந்த செல்ஃப் ஸ்டார்ட்டர். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்தது. கைப்பிடி போட்டுச் சுற்றும் வேலை போனது, பதிலாக, "பேட்டரிக்கு சார்ஜ் ஏறுதா?" என்ற கவலை வந்தது. அதற்குப் பல வண்டிகளில் அம்மீட்டர் வைத்தார்கள். பின்னாளில் செலவு குறைவான ஒற்றை விளக்கு அந்த இடத்தைப் பிடித்தது.

அப்போது இருந்தது டைனமோ. அதில் மின்சாரம் பிறப்பது சுழலும் ஆர்மேச்சரில். மொத்த கரண்ட்டும் கம்யூட்டேட்டர், கார்பன் வழியாகத்தான் வெளியே வரணும். ஐடிலிங்கில் அது போதுமான வோல்டேஜ் தராது. விளக்கு லேசாக எரிவது அந்தக் காலத்தில் சகஜம். "ஐடிலிங்ல எரிஞ்சா கண்டுக்காதீங்க" என்று இன்றும் சிலர் சொல்வது அந்தப் பழக்கத்தின் மிச்சம் என்றே நினைக்கிறேன்.

ஆல்டர்னேட்டர் இதைத் தலைகீழாக்கியது. காந்தம் சுழலும், மின்சாரம் அசையாத ஸ்டேட்டரில் பிறக்கும். கார்பன் வழியாகப் போவது சில ஆம்பியர் மட்டுமே. ஏசியை டிசியாக்க மலிவான சிலிக்கான் டயோடு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1960-ல் கிறைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. 1961-ல் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கப்பட்டது. ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் செய்யும் அந்தக் கம்பெனியின் பெயர் அங்கே பஸ் ஸ்டாப்புக்கும் பெயராகிவிட்டது.

இனி விளக்குக்கு வருவோம். பல பழைய வேன்களில் அதன் ஒரு முனை சாவி வழியாக பேட்டரிக்கும், மறுமுனை ஆல்டர்னேட்டருக்கும் போகும். இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் என்றால் அணையும். வித்தியாசம் இருந்தால் எரியும். என் தொழில் பாஷையில் சொன்னால் அது ஒரு எக்ஸார் கேட். ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று அது சொல்வதில்லை. இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. எந்தப் பக்கம் குறை என்று நாம்தான் தேடணும்.

ஐடிலிங்கில் மினுக்கி, ரேஸ் கொடுத்தால் அணைகிறதா? பெல்ட் தளர்ந்திருக்கலாம், கார்பன் தேய்ந்திருக்கலாம். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் மினுக்கினால் எங்கோ ஒயர் லூஸ். ரேஸ் கொடுத்தும் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால் டயோடு போயிருக்கலாம். சாவி ஸ்விட்சின் காண்டாக்ட் கருகியிருந்தாலும் அப்படியே எரியும்.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜின் அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வரணும். அடுத்து, இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளக்கணும். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். அரை வோல்ட் காட்டினால் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கிறது. பாசிட்டிவ் பக்கத்தையும் இதே மாதிரி பாருங்கள். ஒரு உப்புத்தாள் துண்டில் தீரும் கோளாறுக்கு ஆல்டர்னேட்டரையே கழற்றிப் போடக் கூடாது.

இன்னொரு விஷயம். இந்த வண்டிகளில் விளக்கு சும்மா வேடிக்கை பார்ப்பதில்லை. சாவி போட்டதும் அதன் வழியாகப் போகும் சிறு கரண்ட்தான் சுழலும் காந்தத்தை எழுப்பிவிடுகிறது. பல்பு ஃபியூஸ் போனால் சார்ஜிங் தொடங்காமலே போகலாம். அழகுக்காக எல்ஈடி மாற்றினாலும் இதே கதைதான். அதன் வழியாகப் போகும் கரண்ட் பத்தாது. அதனால் சாவி போட்டதும் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியவே எரியாத விளக்கு, மினுக்கும் விளக்கைவிட ஆபத்தானது.

புது வண்டிகளில் கம்ப்யூட்டர் அனுப்பும் செய்தியைக் கேட்டுத்தான் அந்த விளக்கு எரிகிறது. அங்கே இந்த எக்ஸார் கணக்கு செல்லாது. ஆனால் பெல்ட்டும் எர்த்தும் அங்கேயும் அதே பெல்ட்தான், அதே எர்த்தான். தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.